முழங்கால்சேற்றில் ஒரு கோல்

தேசப்பன் மாதிரி முறை பார்க்கிற மனிதனை ஏரியைச் சுற்றி எத்தனை குப்பம் உண்டோ அத்தனையிலும் தேடினாலும் பார்க்க முடியாது. மாமனார் வீட்டு விருந்தில்கூட, முன்னால் உட்கார்ந்தவன் இலையில் சோறு விழுந்த பிறகுதான் தன் இலைக்குத் தண்ணீர் தெளிப்பான். செத்தால் சுடுகாட்டிலும் வரிசையில் நின்று, மற்றவனை முன்னால் அனுப்பிவிட்டுத்தான் வேகுவான் என்று அவன் பெண்டாட்டி லோகநாயகி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவனுக்கு அது வசவாகவே படாது. முறை கெட்டால் குப்பம் கெட்டது என்பது அவன் கட்சி.

பழவேற்காட்டுக் கோட்டையில் உலாந்தாக்காரர்களின், அதாவது டச்சுக்காரர்களின், கொடி பறந்த காலம். கோட்டைக்குத் தெற்கே, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஓடைக்குப்பம். இந்தக் குப்பத்தாருக்கு ஏரியில் நாலு பாடு உண்டு. பாடு என்றால் வலை போடுகிற இடம். அந்த இடம் இந்த மாதம் யாருக்கு என்கிற முறைக்கும் அதுதான் பேர். வலைக்காரர் வீடு இருபத்திரண்டு. வீட்டுக்கு ஒரு கிளிஞ்சல். அமாவாசைக்கு அமாவாசை இருபத்திரண்டு கிளிஞ்சலையும் பானையில் போட்டுக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு நாலை எடுப்பது தேசப்பன் வேலை. அவன் அப்பனும் அதைத்தான் செய்தான். யார் கிளிஞ்சல் வருகிறதோ அவன் அந்த இடத்தில் கோல் நட்டு, நுனியில் ஓலைக்கீற்றும் தன் கிளிஞ்சலும் கட்டிவிடுவான். அடுத்த அமாவாசை வரை அங்கே வேறு ஒருத்தன் கால் வைக்கக் கூடாது. நட்டவன்தான் பிடுங்கவேண்டும். நட்டது தப்பு என்று வழக்கிருந்தால் அதையும் அமாவாசை அன்றுதான் பேசவேண்டும். அதுவரை கோலுக்கு மரியாதை கொடுத்தாகவேண்டும். கரையில் இருக்கிற ஐந்து குப்பத்துக்கும் இதே சட்டம்.

குப்பத்துக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு பட்டைச் சேறு கிடந்தது. ஏற்றத்தில் தண்ணீர் வந்து மூடும், வற்றத்தில் விட்டுப் போகும். முழங்கால்சேறு என்றே அதற்குப் பேர். வலை போட்டால் வலைதான் கிழியும் என்பதால் பாட்டுக் கணக்கில் அதைச் சேர்க்கவில்லை. அது கைப்பிடிக்காரர்கள் இடம். எல்லம்மாவும் இன்னும் எட்டுப் பத்து வீட்டுப் பெண்களும் கழுத்தில் பறி என்கிற ஓலைக்கூடையைத் தொங்கவிட்டுக்கொண்டு, குனிந்து, சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். அவர்கள் வேறு சாதி, வலை கிடையாது, பானையில் கிளிஞ்சலும் கிடையாது. ஆனால் ஐப்பசி கார்த்திகையில் கடல் பொங்கி, படகெல்லாம் கரையில் கவிழ்ந்து கிடக்கும்போது, வலைக்காரன் வீட்டுச் சட்டியில் கொதிப்பது இந்தப் பெண்கள் பறியில் வந்த இறால்தான். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சாப்பிடும்போது மட்டும் வாயைத் திறப்பார்கள்.

அந்த வருஷம் வைகாசி அமாவாசைக்கு மறுநாள் காலை, முழங்கால்சேற்றின் நடுவே வரிசையாக ஏழு மூங்கில் கோல் நின்றது. ஒவ்வொன்றின் நுனியிலும் வெள்ளைத் துணி. கோட்டை ஆட்கள் கயிறு பிடித்து நட்டுவிட்டுப் போனதைப் பார்த்தவர்கள் உண்டு.

தேசப்பன் கரையில் நின்று வெகுநேரம் பார்த்தான். அவனுக்கு உள்ளூரப் பெருமை தாங்கவில்லை. பீரங்கி வைத்திருக்கிறவர்கள், கப்பல் வைத்திருக்கிறவர்கள், அவர்களும் ஏரிக்கு வந்தால் கோல் நட்டுத்தான் ஆகவேண்டியிருக்கிறது பார் என்று நினைத்தான். துணி வியாபாரிகள், ஓலைக்கு எங்கே போவார்கள், துணியைக் கட்டியிருக்கிறார்கள். பாவம், முறை தெரியாமல் ஏழு கோலை நட்டுவிட்டார்கள், ஒன்று போதும். அமாவாசைக்கு வந்தால் பக்குவமாக எடுத்துச் சொல்லலாம்.

அன்றைக்கே தண்டோரா மாதிரி வீடு வீடாகப் போய்ச் சொன்னான். கோட்டையார் பாடு கேட்டிருக்கிறார்கள், ஆனி அமாவாசை வரைக்கும் முழங்கால்சேற்றில் ஒரு கால் படக்கூடாது. லோகநாயகி மட்டும் கேட்டாள், பாடே இல்லாத இடத்துக்குப் பாடு எங்கிருந்து வந்தது என்று. கோல் வந்தால் பாடும் வந்தது என்று அவள் வாயை அடைத்தான்.

நாலாம் நாள் எல்லம்மா இறங்கிவிட்டாள். நாற்பது வயசு, புருஷன் இல்லை, வீட்டில் உட்கார்ந்து தின்ன வழியும் இல்லை. கோல் நட்டவர்கள் வலையும் போடவில்லை, கையும் வைக்கவில்லை, இறால் என்ன அவர்களுக்காகக் காத்துக்கொண்டா இருக்கும் என்பது அவள் நியாயம். அரைப் பறி நிரம்பினபோது தேசப்பன் கரையில் வந்து நின்றான்.

கோல் மீறினவர்களுக்கு ஒரே தண்டனைதான்: பிடித்ததைப் பிடித்த இடத்திலேயே கவிழ்ப்பது. அவன் அவளை மேலே வரச் சொல்லி, ஊர் கூடினபிறகு, அவள் கழுத்திலிருந்த பறியை வாங்கித் தண்ணீரில் கவிழ்த்தான். இறால்கள் துள்ளிக்கொண்டு போயின. வலைக்காரன் ஒருத்தன் மீறியிருந்தாலும் அவன் அதையேதான் செய்திருப்பான். ஆனால் நாற்பது வருஷமாக எந்த வலைக்காரனும் மீறவில்லை, கவிழ்ந்தது அவள் பறிதான்.  எல்லம்மா வெறும் பறியை உதறித் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அந்த மாதம் கைப்பிடி வீடுகளில் அடுப்பு ஒருநாள் விட்டு ஒருநாள் எரிந்தது. முழங்கால்சேற்றில் கொக்கும் நாரையும் தவிர ஒன்றும் இறங்கவில்லை. பறி கவிழ்ந்ததற்கு மறுநாளிலிருந்து கோட்டைக் கொத்தளத்தின் மேல் ஒரு ஆள் நாள் முழுக்க உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்ததை எல்லோரும் கவனித்தார்கள். தங்கள் பாட்டைத் தாங்களே காவல் காக்கிறார்கள் போலிருக்கிறது என்றான் தேசப்பன்.

அமாவாசைக்கு மூன்று நாள் இருக்கும்போது துரைக்குத் தமிழை மொழிபெயர்த்துச் சொல்கிற கோட்டைத் துபாஷி சுப்பராயலு குடை பிடித்துக்கொண்டு வந்தார். பொல்லாத மனிதர் இல்லை, சிரித்துப் பேசுகிறவர். ஆழத் தண்ணீர் ஓரமாகக் கோட்டையார் புதுத் துறையும் துணிக் கிட்டங்கிகளும் கட்டப்போகிறார்கள், கடைத்தெருவிலிருந்து மூட்டை வண்டி போகப் பாதை வேண்டும், அது முழங்கால்சேற்றின் குறுக்கே மண் கொட்டிப் போடப்படும் என்று விஷயத்தைச் சொன்னார். வெள்ளைத் துணி கட்டியது பாதையின் நடுக்கோடு. வழியில் யாருக்கு என்ன இருந்ததோ அதற்கு ஈடு உண்டு. கரைமேட்டில் இருந்த சின்னப்பனின் பனைமரங்களுக்குப் பதிலாக வடக்கே வேறு தோப்பு எழுதியாயிற்று. ஆடு மேய்க்கிறவர்களுக்கும் வேறு மேய்ச்சல் கொடுத்தாயிற்று.

முழங்கால்சேற்றுக்கு என்ன என்று தேசப்பன் கேட்டான்.

"அதுக்கு இன்னா? அது சும்மா கெடக்குற நெலம். மூணு வாரம் கொத்தளத்துமேல ஆளு வெச்சுப் பாத்தோம். ஒருத்தர் காலு உள்ள படல. யாருக்கும் உபயோகம் இல்லைனு எழுதி தொர கையெழுத்தும் போட்டாச்சு" என்றார் சுப்பராயலு.

 தேசப்பன் கோலின் சட்டத்தைத் திக்கித் திணறிச் சொன்னான். நீங்கள் கோல் நட்டீர்கள் என்பதற்காகத்தானே இறங்கவில்லை, உங்களுக்குக் கொடுத்த மரியாதை அல்லவா அது என்றான். குறுக்கே கரை போட்டால் ஏற்றத் தண்ணீர் உள்ளே வராது, நாலு மாதத்தில் சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்துவிடும், அப்புறம் இறாலுக்கு எங்கே போவது என்றான். சுப்பராயலு பொறுமையாகக் கேட்டார். பாவமாகத்தான் இருந்தது அவருக்கு.

"நான் பாத்தத எழுதுற ஆளுப்பா. ஆளு எறங்குனத பாத்திருந்தா அதையும் எழுதியிருப்பேன். நீ இப்ப சொல்றத எழுதினா தொர என்னத் தூக்கி ஏரில போட்டுருவாரு."

குடை நிழல் போகிற வரைக்கும் தேசப்பன் நின்ற இடத்திலேயே நின்றான். ஊரான் கால்களை எல்லாம் தானே கட்டிப்போட்டு, நிலத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்திருக்கிறான். வீட்டுக்கு வந்தால் லோகநாயகி கேலி செய்வாள், நாலு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தான். அவள் ஒன்றுமே சொல்லாமல் கஞ்சியை வைத்துவிட்டுப் போனாள். அதுதான் அவனைக் கொன்றது.

மறுநாளே வேலைக்கு ஆள் பிடித்தார்கள். முதலில் காட்டூரிலிருந்து வந்த பயிர்க்காரர்கள் மண்கூடையோடு நாலடி வைத்தார்கள், இடுப்புவரை போய்விட்டது. கயிறு போட்டு இழுத்துத்தான் அவர்களைக் கரையேற்றினார்கள். இந்தச் சேற்றில் நடக்க ஏரிக்காரன் கால்தான் வேண்டும் என்று மேஸ்திரி தானியேல் ஐந்து குப்பத்துக்கும் சொல்லி அனுப்பினார். கூலி அரிசி. எல்லம்மாவும் பேர் கொடுத்திருந்தாள். தன் இடத்தைத் தானே தூர்க்கப் போகிறவளை யாரும் குறை சொல்லவில்லை, ஒரு மாதப் பசி எல்லோருக்கும் தெரியும். அமாவாசைக்கு மறுநாள் காலை மண் கொட்ட ஆரம்பம்.

தேசப்பன் இரண்டு நாள் சோறு தண்ணீர் இறங்காமல் கிடந்தான். அமாவாசை அன்று காலை எழுந்து, கைப்பிடி வீடுகள் இருக்கும் வடக்குக் கோடிக்குப் போனான். அவன் அங்கே போனதே அதுதான் முதல் தடவை. எல்லம்மா சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல் பொறுக்கிக் குவித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லம்மா, உன் வீட்டுக் கிளிஞ்சல் ஒண்ணு குடு. பானையில போடணும்."

அவள் நிமிரவே இல்லை. வெந்த புண்ணில் கோல் விட்டுப் பார்க்க வந்திருக்கிறான் என்று நினைத்தாள் போலிருக்கிறது. குவியலிலிருந்து கைக்கு வந்ததை எடுத்து அவன் காலடியில் எறிந்தாள். விளிம்பு உடைந்த கிளிஞ்சல். அவன் அதைக் குனிந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

மத்தியானம் அம்மன் கோயில் முன்னால் குப்பம் கூடியது. இந்த மாதம் பாடு ஐந்து, முழங்கால்சேறும் ஒன்று என்றான் தேசப்பன். அது கைவேலை செய்கிற இடம், ஆகவே கைப்பிடிக்காரர் கிளிஞ்சலும் பானையில் விழவேண்டும், அதுதான் முறை என்றான். நாளைக்கு மண் விழப்போகிற சேற்றுக்குப் பாடு ஒரு கேடா என்று வலைக்காரன் திருவேங்கடம் எழுந்து கத்தினான். கைப்பிடிக்காரி கிளிஞ்சல் நம்ம பானையிலா என்று இன்னும் நாலு பேர் எகிறினார்கள். நியாயமாகப் பார்த்தால் அவர்கள் கேட்டது சரிதான். பானை வலைக்காரர் பானை. ஆனால் தேசப்பன் நாற்பது வருஷம் ஒரு விரல்கூடத் தப்பாக எடுத்தவன் இல்லை. அந்த மனிதன் முறை என்று ஒன்றைச் சொன்னால் அதற்குமேல் பேச யாருக்கும் நாக்கு எழவில்லை. உடைந்த கிளிஞ்சலும் பானைக்குள் போயிற்று.

நாலு பாட்டுக்கு நாலு எடுத்தான். ஐந்தாவதற்குக் கை விட்டபோது கொஞ்சம் நேரமாயிற்று. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தான். நெற்றியெல்லாம் வேர்வை. உள்ளே விரல்கள் ஒவ்வொரு விளிம்பாகத் தடவிக்கொண்டு போயின. ஆமாம், ஏமாற்றினான். மூடி மறைக்க ஒன்றுமில்லை. தேசப்பன் தன் ஆயுசில் செய்த ஒரே திருட்டு அது. கை வெளியே வந்தபோது விரலிடையில் உடைந்த கிளிஞ்சல் இருந்தது. முழங்கால்சேறு தன் தலையில் விழாமல் போனதே என்று வலைக்காரர்கள் இருபத்திரண்டு பேரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

சாயங்காலமே, வெள்ளைத் துணிக் கோல்களுக்கு முன்னால், கரையோரமாக, ஓலைக்கீற்றும் உடைந்த கிளிஞ்சலும் கட்டிய ஒரு கோலை எல்லம்மா பேரில் தேசப்பனே நட்டான்; யார் கை நட்டாலும் கிளிஞ்சலுக்கு உடையவர் நட்டதாகத்தான் கணக்கு. எல்லம்மாவிடம் போய்ச் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை. லோகநாயகிதான் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

காலையில் ஐந்து குப்பத்து ஆளும் வந்து சேர்ந்தார்கள். அறுபது எழுபது பேர் இருக்கும். தலையில் சும்மாடு, அதன்மேல் மண்கூடை. வரிசை கரைக்கு வந்தது. முதலில் வந்தவன் நாகப்பன், வடக்குக் குப்பத்துக்காரன். கோலைப் பார்த்தான், ஓலையைப் பார்த்தான், நின்றான். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். யாரும் எதிர்த்துப் பேசவில்லை, கோஷம் போடவில்லை. கால் எழவில்லை, அவ்வளவுதான்.

தானியேலுக்கு ஒன்றும் புரியவில்லை. கூலியைக் கூட்டித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள் என்று எண்ணிக் கால் படி அரிசி சேர்த்துத் தருவதாகச் சொன்னார். அப்புறம் திட்டினார். கடைசியில் கோலைப் பிடுங்கப் போனார். அவர் கை கோலில் பட்டதுதான் தாமதம், கூடைகள் மளமளவென்று தரைக்கு வந்துவிட்டன. நட்டவன் அல்லாதவன் பிடுங்கிய இடத்தில் காலை வைத்தால் அந்தக் காலுக்கு ஏழு தலைமுறைக்கும் ஏரி மீன் கொடுக்காது என்று நாகப்பன் மெதுவாகச் சொன்னான். தானியேல் கையை எடுத்துக்கொண்டார்.

சுப்பராயலுவைக் கூட்டி வந்தார்கள். கூடவே கோட்டைத் துரையும் வந்தார், கையில் சுருட்டிய காகிதத்தோடு. சுப்பராயலு கோலைப் பார்த்ததும் தேசப்பனைத் தேடினார். அவன் தூரத்தில் வலை காயும் கொடிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

"இத யாரு புடுங்கலாம்?" என்று கேட்டார்.

கிளிஞ்சலுக்கு உடையவர் என்று பதில் வந்தது. கிளிஞ்சல் யாருடையது என்றார். வரிசை இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. ஒன்பதாவது இடத்தில் எல்லம்மா நின்றுகொண்டிருந்தாள். அவள் மட்டும்தான் கூடையை இன்னும் இறக்கவில்லை. துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்முடைய கூலிக்காரிதானே, பிடுங்கச் சொல் என்றார். சுப்பராயலு அதைத் தமிழில் சொன்னார்.

எல்லம்மா கூடையை இறக்கினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு துபாஷியின் முன்னால் வந்து நின்றாள்.

"சாமி, நீங்க கோல் நட்டீங்க. யாருது, எதுக்குனு கேக்காம ஒரு அமாவாசைக்கு நாங்க எறங்கல. நான் ஒரு நா எறங்கிப் புடிச்சதையும் கவுத்தாச்சு. வவுறு காஞ்சுச்சு, எறங்கல. இப்ப நான் நட்டிருக்கேன். ஒரு அமாவாசைக்கு நீங்க நில்லுங்க. அங்க மேல ஒக்காந்து பாத்தாரே அந்த ஆளு, அவர மறுபடியும் ஒக்காரச் சொல்லுங்க. இந்த மாசம் இன்னா பாக்குறாரோ அதையும் எழுதட்டும்."

சுப்பராயலு உடனே மொழிபெயர்க்கவில்லை. வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு யோசித்தார். பார்த்ததை எழுதுவேன் என்று அன்றைக்குத் தாம் சொன்னது அவருக்கு நினைவுக்கு வந்திருக்கவேண்டும். பிறகு துரையிடம் வெகுநேரம் பேசினார். துரை சேற்றைப் பார்த்தார், காட்டூர்க்காரர்கள் புதைந்த குழிகளைப் பார்த்தார், தரையில் கிடந்த எழுபது கூடைகளைப் பார்த்தார். வெளியூரிலிருந்து சேற்றுக்கால் உள்ள ஆட்களைக் கொண்டுவர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். கப்பல் வர இன்னும் நாள் இருக்கிறது. ஆடி அமாவாசை வரை வேலை நிற்கட்டும் என்றார்.

கோலுக்கு உடையவள் யாரை வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம். எல்லம்மா ஐந்து குப்பத்துக் கைப்பிடிப் பெண்களையும் கூப்பிட்டாள். வற்றம் வந்தால் முழங்கால்சேற்றில் குனிந்த முதுகுகளாகவே தெரியும். கொத்தளத்து ஆள் முதல் வாரம் எண்ணினான், அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டான் என்று சொல்லிக்கொண்டார்கள்.

இறங்கின முதல் நாளே தேசப்பன் கரைக்கு வந்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஊர் பார்க்க, சேற்றில் இறங்கினான். வலைக்காரன் கையால் தடவி இறால் பிடிப்பது அவர்களில் கேவலம். அவனுக்கு அந்த வேலை சுத்தமாக வரவில்லை. தடவினால் நண்டு கடித்தது, பிடித்தால் நழுவியது. லோகநாயகி கரையில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒரு மாதத்துக்கு அப்புறம் வந்த சிரிப்பு. பொழுது சாயும்வரை குனிந்து, ஏழே ஏழு இறால் பிடித்து, எல்லம்மாவின் பறியில் கொண்டுபோய்ப் போட்டான். கவிழ்த்தது அரைப் பறி. அவள் எண்ணிப் பார்த்துவிட்டு, மீதி எங்கே என்று மட்டும் கேட்டாள். மறுநாளும் வந்தான். அரைப் பறி நிரம்பப் பதினோரு நாள் பிடித்தது.

ஆடி அமாவாசைக்கு எல்லம்மா கோலைப் பிடுங்கினாள். பாதை வராமல் போகவில்லை, வந்தது. ஆனால் காகிதத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தது. கரையில் மூன்று இடத்தில் வாய் விட்டு, மேலே பனந்தண்டு அடுக்கி வண்டி போக வழி செய்தார்கள். ஏற்றத் தண்ணீர் அந்த மூன்று வாய் வழியாக உள்ளே வந்து போயிற்று. மேற்குக் கோடியில் கொஞ்சம் சேறு காய்ந்துதான் போனது. முன்பு போல இறால் இல்லை என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். ஆனாலும் ஐப்பசியில் படகெல்லாம் கரையில் கவிழ்ந்து கிடந்தபோது சட்டியில் குழம்பு கொதித்தது.

கோல் பிடுங்கின அன்றைக்கு, பானையைக் கோயிலுக்கு எடுத்துப் போய்க்கொண்டிருந்த தேசப்பனை எல்லம்மா வழியில் நிறுத்தினாள். உடைந்த கிளிஞ்சலை அவன் முன்னால் நீட்டினாள். கட்டைவிரலை அந்த விளிம்பின் மேல் ஓட்டினாள்.

"தடவித்தானண்ணா எடுத்த?"

தேசப்பன் பானையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.  காது மடல் சிவந்துபோயிற்று.

அவள் அந்தக் கிளிஞ்சலை ஏரிப் பக்கம் வீசி எறிந்தாள். மடியிலிருந்து வேறொன்றை எடுத்து, அவன் கையிலிருந்த பானைக்குள் தானே போட்டாள்.

"இது ஒடையாதது. இனிமே மாசாமாசம் இது உள்ள கெடக்கட்டும். வந்தா வருது, வராட்டிப் போவுது. நீ கண்ண மூடிக்கினு எடு."